நீல லேபிள் புட்டி

பூந்தமல்லி,
18 அக்டோபர் 1943

அருளம்மாளுக்கு,

நீ இந்த வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மருமகள்தான் முதலில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நீ எழுதவில்லை. நேற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஆவடி உபதேசியார் என்னை நிறுத்தி, "பட்டாபிராமில் உங்கள் பேத்திக்கு மறுபடியும் மலேரியா முறைக்காய்ச்சலாமே?" என்றார். கோயில் வாசலில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் மகனுடைய குழந்தையின் உடம்பைப் பற்றி நான் உபதேசியாரிடம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நடந்ததைக் கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ உன் தகப்பனாரிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். 'அத்தை மருந்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினார்கள்.' கொட்டினேன்தான். கார்டும் கவரும் விற்கிற ஜன்னலில், ரோடு போடும் கூலியாட்களுக்காக விற்கிற தபால் ஆபீஸ் கொயினா மருந்தை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தேனில் குழைத்துப் பிலோமிக்கு ஊட்டினாய். உன் மாமாவுக்குத் தாலுக்கா ஆபீஸ் உத்தியோகத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையெல்லாம் கேம்ப் போய்ப் போய் வருஷம் தவறாமல் காய்ச்சல் வரும். சீமையிலிருந்து வரும் நீல லேபிள் புட்டியைத் தவிர வேறு கொயினா இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவர் போனது நெஞ்சு நோயில். காய்ச்சலில் அல்ல.

நான் செலவாளி என்று பஸ்ராவில் பட்டாளத்தோடு இருக்கும் என் மகன் கிறிஸ்துதாஸுக்கு எழுதியிருக்கிறாயாம். அவனே எனக்கு எழுதினான். நல்லதை வாங்குகிறவள் நான், வீணாக்குகிறவள் அல்ல. கான்வென்ட் மருந்தறையில் மதர் அகதா சொல்லிக்கொடுத்தபடி, திறக்கிற ஒவ்வொரு புட்டியிலும் திறந்த தேதியை மைப் பென்சிலால் லேபிள் ஓரத்தில் எழுதுவேன். தீர்ந்த புட்டியைக் கழுவிக் கவிழ்த்து நிழலில் காயவைப்பேன். சித்திரையில் அலமாரியை ஒழித்தபோது, காலிப் புட்டிக்கு அரையணாவுக்கு மேல் யாருக்கும் தராத கோதண்டம், லேபிளும் மூடியும் புதிதுபோல் இருக்கின்றன என்று என் புட்டிகளுக்கு நாலணா வீதம் கொடுத்து எடுத்துப் போனான். சிக்கனம் எனக்கும் தெரியும். காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் வாயில் நான் அதைக் காட்டுவதில்லை.

யுத்தத்துக்கு முன் ஒன்றேகால் ரூபாய்க்கு விற்ற புட்டி இப்போது கண்ணிலேயே படுவதில்லை. இருந்தாலும் ஜெயராமன் மருந்துக் கடையில் சொல்லிவைக்கிறேன். அதுவரை அந்தப் பொட்டலத்தை அவளுக்குக் கொடுக்காதே.

பிலோமிக்கு என் முத்தம்.

ரெஜினா சவரிநாதன்


பட்டாபிராம்,
22 அக்டோபர் 1943

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவும் படித்தார். "எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிலோமிக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. இங்கே பட்டாளத்துக்காகப் புதிதாக ரயில் பாதை போடுகிறார்கள். மண் தோண்டிய பள்ளமெல்லாம் ஐப்பசி மழையில் குளமாகிவிட்டது. குவார்ட்டர்ஸில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரில் அவள் பல் கிட்டிப்போகும். தபால் ஆபீஸ் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தபின் இந்த வாரம் காய்ச்சல் வரவில்லை. அதனால் அதை நிறுத்துவதாக இல்லை. மன்னிக்கவும்.

அப்பா கூட்ஸ் ஆபீஸில் இருப்பவர். எந்தச் சாமான் எங்கிருந்து வருகிறது, அதன்மேல் வழியெல்லாம் என்னென்ன கூலி ஏறுகிறது என்று பார்ப்பதே அவர் வேலை. நீலகிரியில் பட்டை உரித்து அங்கேயே காய்ச்சி எடுக்கிற கொயினா நம் ரயிலிலேயே வந்து பொட்டலமாகிறது. சீமைக் கொயினாவோ, ஜாவாவில் உரித்த பட்டை கடல் தாண்டிப் போய், சர்க்கரைப் பூச்சுப் பூசிக்கொண்டு, கப்பல் கூலியும் சுங்கமும் மவுண்ட் ரோட்டுக் கடை வாடகையும் தலையில் சுமந்துகொண்டு நம்மிடம் வருகிறது. "காய்ச்சலை இறக்குவது உள்ளே இருக்கிற கசப்பு. அது இரண்டிலும் ஒன்றுதான். மற்றதுக்கெல்லாம் நாம் வழிச்செலவு கொடுக்கிறோம்" என்கிறார். இப்போது ஜாவாவும் ஜப்பான்காரன் கையில். புட்டிக்குப் பத்து மடங்கு விலை சொன்னாலும் உள்ளே அதே கசப்புதானே, அத்தை?

பொட்டலமும் லேசில் கிடைப்பதில்லை. ஆளுக்கு ஒன்று. அடுத்த வீட்டுக் கன்னியம்மா புதன்கிழமை எனக்கு முன்னால் நின்றாள். அவள் புருஷன் தசரதன் லைனில் கேங் வேலை செய்கிறவர். "சாமி, எங்கூட்ல மூணு பேரு பட்த்துகினு கீறாங்க, மூணா குடு சாமி" என்றாள். போஸ்ட்மாஸ்டர், "ஆளைக் கூட்டிக்கொண்டு வா, தருகிறேன்" என்றார். "அப்டீன்னா நாளைக்கி எம் மாமியாரையும் தூக்கினு வந்து இங்க குந்த வெக்கிறேன்" என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, "அது செத்து ரெண்டு வருசமாச்சேடி!" என்றதும் வரிசை முழுவதும் சிரித்தது. போஸ்ட்மாஸ்டரும் சிரித்துவிட்டு, ஒன்றுதான் கொடுத்தார்.

தாங்கள் சாக்கடையில் கொட்டிய பொட்டலத்துக்காகவும் நான் பூந்தமல்லியில் இப்படித்தான் வெயிலில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புட்டி வேண்டாம். தாங்கள் சிரமப்பட வேண்டாம்.

அருளம்மாள்


பூந்தமல்லி,
30 அக்டோபர் 1943

அருளம்மாளுக்கு,

வேண்டாம் என்று எழுதினாய். வாங்கிவிட்டேன்.

ஜெயராமன் நேற்று ஆளனுப்பினான். கடைக்குப் போனதும் பின்பக்கத் தடுப்புக்கு அந்தப் புறம் கூட்டிப் போய், "ஐயா காலத்துலேர்ந்து வர்ற ஊடுன்னு உங்களுக்காக எட்த்து வெச்சேம்மா. வேற யார்னா கேட்டா இல்லன்னுட்வேன்" என்றான். விலை பதினெட்டு ரூபாய். ரசீது கேட்டேன். "ரசீது கேட்டா புட்டி இல்லம்மா. ஆபீஸர் சுத்திகினு கீறாரு. இங்க பிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே நீல லேபிளை ஒரு கணம் காட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றி அரக்கு வைத்துக் கையில் திணித்தான். என் வயதில் முதல் தடவையாக ரசீது இல்லாமல் ஒரு சாமான் வாங்கினேன். அரக்கை நான் உடைக்கவில்லை. உபதேசியார் கையில் அப்படியே கொடுத்தனுப்புகிறேன். நீயே உடை. வழியில் வேறு கை பட வேண்டாம்.

பதினெட்டு ரூபாய் எப்படி வந்தது என்று கேட்காதே. என் கையில் இன்னும் இரண்டு வளையல் இருக்கின்றன, இரண்டு போதும்.

உன் தகப்பனாரின் கணக்கைப் படித்தேன். அவர் கப்பல் கூலி என்று சொல்வதை நான் நம்பிக்கை என்று சொல்வேன். பெயர் போட்டு விற்கிறவன் தன் பெயருக்குப் பயப்படுவான். பொட்டலத்துக்கு யார் பயப்படுவார்கள்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைக் கொடுப்பதானால் இதை மட்டும் கொடு. அதையும் இதையும் கலக்காதே. நீ இதைக் கொடுத்தாய் என்று தெரிந்தால், இந்த வீட்டின் மேல் உனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். சாக்கடை விஷயத்தை நானும் பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம். கிறிஸ்துமஸுக்குப் பிலோமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கதவு சாத்தியில்லை.

ரெஜினா சவரிநாதன்


பட்டாபிராம்,
4 நவம்பர் 1943

அன்புள்ள அத்தைக்கு,

புட்டி பத்திரமாக வந்தது. வளையல் விஷயத்தைப் படித்தபின் அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 'கதவு சாத்தியில்லை' என்று எழுதியிருந்ததை இரண்டு மூன்று தடவை படித்தேன். அப்பாவிடம் காட்டினேன். "உன் இஷ்டம் அம்மா" என்றார்.

திங்கட்கிழமை முதல் புட்டி மருந்துதான் கொடுக்கிறேன். தாங்கள் சொன்னபடி பொட்டலத்தை நிறுத்திவிட்டேன். மீதியிருந்த நாலு பொட்டலத்தைக் கன்னியம்மாவுக்குக் கொடுத்தேன். தசரதனுக்கு நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல்.

பிலோமிக்கு இப்போது மருந்து நேரம் என்றால் விளையாட்டு. பொட்டலத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். இந்த மாத்திரை கசக்கவே இல்லை. மிட்டாய்போல் கடித்துத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு" என்று கையை நீட்டுகிறாள்.

கன்னியம்மா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னா அயகா கீதும்மா சீசா! எங்களுக்குக் குட்க்கிற பொட்லம் எலி பாஷாணம் மடிச்ச மாரி கீது. உங்க மாமியாரு பட்ச்சவங்க, பாத்து வாங்கியிருக்காங்க" என்றாள். எந்தக் கடை என்று கேட்டாள். சொன்னேன்.

பிலோமிக்குச் சிவப்புப் பூப்போட்ட சீட்டித் துணி கிடைத்தால் ஒன்றரை கஜம் வாங்கிவைக்கவும். கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்து தைத்துக்கொள்கிறேன்.

அருளம்மாள்


பூந்தமல்லி,
8 நவம்பர் 1943

அன்புள்ள அருளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எல்லம்மாவைக் கூப்பிட்டு உன் அறையைக் கழுவிவிடச் சொன்னேன். "இன்னாம்மா, சின்னம்மா வர்றாங்களா? ஒரு மாசமா மூஞ்சிய உர்ருனு வெச்சிகினு கீறீங்களே, இன்னிக்கி சிரிக்கிறீங்க" என்கிறாள். அதிகப்பிரசங்கி. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

சீட்டித் துணி வாங்கிவிட்டேன். சிவப்பு இல்லை, நீலம். ரேஷன் சர்க்கரையில் வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கிறேன். கேக் இல்லாவிட்டாலும் கலகலாவாவது செய்யலாம்.

மாத்திரை கசக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். மேல் பூச்சு இனிப்புத்தான். ஆனால் கடித்தால் கசக்க வேண்டுமே. உன் மாமா ஒரு தடவை தெரியாமல் கடித்துவிட்டு அன்று முழுவதும் காபியைத் தொடவில்லை. இப்போது ஏதோ புது முறையில் செய்கிறார்கள் போலும். பெரிய கம்பெனி, குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றியிருப்பார்கள். தொடர்ந்து கொடு.

ரெஜினா சவரிநாதன்


பட்டாபிராம்,
11 நவம்பர் 1943

அத்தை,

உபதேசியார் வண்டி நிற்கிறது. அவசரமாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை குளிர் திரும்பி வந்தது. நேற்றிரவு ஜன்னி கண்டு கண் மேலே சொருகிவிட்டது. ஆவடியிலிருந்து டாக்டர் வந்தார். "கொயினா கொடுத்தீர்களா, கொடுத்தும் இப்படியா?" என்றார். மாத்திரையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மாவுபோல் அடியில் தங்கிவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பே இல்லை. பழைய சரக்கு, சத்துப் போயிருக்கும் என்கிறார் அப்பா.

டாக்டரிடம் மருந்து இல்லை. பட்டாளத்துக்குப் போக மீதி வருவதில்லையாம். தபால் ஆபீஸில் பத்து நாளைக்கு வராது என்று பலகை மாட்டிவிட்டார்கள். கன்னியம்மாவிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அவளே எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு பொட்லம் மீதி கீது. கொயந்தைக்குக் குடும்மா. எம் புருசன் கட்டை ஒடம்பு, தாங்கும்" என்றாள். இரண்டு பொட்டலம் எத்தனை வேளைக்கு வரும்?

பூந்தமல்லியில் இன்னும் விற்கிறார்களா? எப்படியாவது வாங்கி அனுப்புங்கள். புட்டியை உபதேசியார் கையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள்.

அருள்


பூந்தமல்லி,
12 நவம்பர் 1943

அருளுக்கு,

இதனுடன் நாலு பொட்டலம் இருக்கின்றன. இங்கே நானும் எல்லம்மாவும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பிறகு ஜட்கா வைத்துக்கொண்டு திருமழிசை போய் அங்கே இரண்டு. நாளைக்கும் போகிறேன்.

வரிசையில் பின்னால் நின்றேன். ஒருத்தன், "இன்னா ஆயா, கால்ல ஜோடு போட்டுகினு நீயும் கொயினாவுக்கா?" என்றான். இன்னொருத்தி, "பெரிய ஊட்டு அம்மாடா, முன்னாடி வுடு" என்றாள். முன்னால் போகவில்லை. ஜன்னலில் குமாஸ்தா என்னைத் தெரிந்துகொண்டு, "ஸ்டாம்பா அம்மா?" என்று கேட்டார். நான் என்ன வேண்டும் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

நேரம் தவறாமல் கொடு. துப்பினாலும் மறுபடி கொடு. நான் அங்கே வரலாமா என்று கேட்க எனக்கு முகமில்லை. வரச் சொன்னால் வருவேன். உடனுக்குடன் எழுது.

புட்டியைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ரெஜினா


பட்டாபிராம்,
25 நவம்பர் 1943

அன்புள்ள அத்தைக்கு,

பிலோமி பிழைத்துவிட்டாள். நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். காய்ச்சலால் வயிற்றில் வந்த கட்டி இன்னும் கரையவில்லை, மெதுவாகக் கரையும் என்கிறார் டாக்டர். நீங்கள் நாள் தவறாமல் அனுப்பிய பொட்டலங்கள் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். திருமழிசைக்கு வெயிலில் போய் வருகிறீர்கள் என்று உபதேசியார் சொன்னார். இனிப் போக வேண்டாம். இங்கே சரக்கு வந்துவிட்டது.

ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் 'பிறகு' என்று எழுதினீர்கள், பிறகு எழுதவில்லை. புட்டியைத் திருப்பி அனுப்பும்போதுதான் லேபிள் ஓரத்தைப் பார்த்தேன். மைப் பென்சிலில், உங்கள் எழுத்தில், 7-3-40 என்று இருந்தது. மாமா உயிரோடு இருந்த காலத்துத் தேதி. அப்பா சொல்வதை எழுதவே கூசுகிறது. அலமாரியில் கிடந்த பழைய புட்டியை நீங்களே அரக்கு வைத்து, பதினெட்டு ரூபாய் என்று எழுதி அனுப்பினீர்கள் என்கிறார். நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் வழி தெரியவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

தசரதனுக்கு முடியவில்லை. பொட்டலம் எனக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு அவருக்கு மருந்தே இல்லாமல் போயிற்று. நான் உங்கள் பொட்டலத்திலிருந்து இரண்டு எடுத்துப் போனேன். வாங்கவில்லை. அதற்குள் கன்னியம்மா கொலுசை விற்று, அவள் அண்ணனைப் பூந்தமல்லிக்கு அனுப்பி, ஜெயராமன் கடையிலேயே நீல லேபிள் புட்டி வாங்கிவிட்டாள். "உங்களுது பய்சு, அதான் கேக்கல. இது புத்சும்மா" என்றாள். கடையிலிருந்து நேராக வந்தது கெட்டிருக்காது என்று நானும் சொன்னேன்.

அருளம்மாள்


பூந்தமல்லி,
27 நவம்பர் 1943

அருள்,

மேலே படிக்காதே. முதலில் கன்னியம்மா வீட்டுக்கு ஓடு. அந்தப் புட்டியில் இருப்பது மருந்து அல்ல. மாவு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதனுடன் இருக்கும் பொட்டலங்களைக் கொடு. ஜட்காக்காரனைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டரைக் கூட்டி வர அவன் வண்டியையே எடுத்துக்கொள்.

போய் வந்தபின் படி.

உன் தகப்பனார் நினைத்தது தவறு. ஆனால் அவர் நினைத்ததைவிட நடந்தது நல்லது அல்ல. அந்தப் புட்டியை நான் ஜெயராமனிடம்தான் வாங்கினேன். அதற்கு முன் அது என் புட்டி. சித்திரையில் கோதண்டத்திடம் நாலணாவுக்கு விற்ற ஒன்பது புட்டிகளில் ஒன்று. உபதேசியார் கொடுத்ததும் லேபிளைப் பார்த்தேன். என் எழுத்து எனக்குத் தெரியாதா?

அன்றே கோதண்டத்தைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். "லேபிள் கியியாத சீசாவுக்கு டவுன்ல எட்டணா தர்றாங்கம்மா. உங்க ஊட்டு சீசான்னா கயுவக்கூட வாணாம், அவ்ளோ சுத்தம். எதுக்கு வாங்கறாங்கன்னு நான் கேட்டதில்ல. நீங்களும் கேக்கல" என்றான். வெறும் கண்ணாடிக்கு ஏன் நாலணா கொடுக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். என் புட்டி, என் சுத்தம், அதனால் கொடுக்கிறான் என்று இருந்துவிட்டேன். ஜெயராமன் கடையில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றில் என் தேதி. இரண்டையும் வாங்கி வந்து உடைத்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பெயரும் வரும்.

பன்னிரண்டாம் தேதியே எனக்கு இவ்வளவும் தெரியும். 'பிறகு எழுதுகிறேன்' என்று எழுதினேன். மறுநாள் எழுத உட்கார்ந்தேன். 'என் புட்டி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. குழந்தை தேறட்டும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உன் தகப்பனார் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்பதுதான் காரணம். அந்தக் கடைப் பெயரை நீ கன்னியம்மாவுக்குச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தவள் நான். மறந்துவிட்டேன்.

இன்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெயராமன் பெயர், கோதண்டம் பெயர், என் பெயர் மூன்றும் அதில் இருக்கின்றன.

தசரதன் எப்படி இருக்கிறார் என்று இந்த வண்டியிலேயே ஒரு வரி எழுதி அனுப்பு.

ரெஜினா


பட்டாபிராம்,
8 டிசம்பர் 1943

அத்தை அவர்களுக்கு,

ஜட்கா வந்தபோது கன்னியம்மா வீட்டு வாசலில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தசரதன் அன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். அதனால்தான் வண்டிக்காரனிடம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

தங்கள் கடிதத்தை அன்றிரவு படித்தேன். பன்னிரண்டாம் தேதியே தாங்கள் ஒரு கார்டு போட்டிருந்தால் கன்னியம்மா கொலுசை விற்றிருக்க மாட்டாள். நான் தருவதை வாங்கியிருப்பாள். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன். 'கெட்டிருக்காது' என்று சொன்னவள் நான். அதுவும் இருக்கிறது.

காரியம் முடிந்தபின் அவள் வீட்டுக்குப் போனேன். விளக்கு மாடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் புட்டியை வைத்திருக்கிறாள். பாதிக்கு மேல் மாத்திரை இருக்கிறது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறாளாம். "கெட்டுப்போன மருந்து, கொடுத்துவிடு, நான் வேறு தருகிறேன்" என்றேன். தரவில்லை. "காலம்பூரா போட்டுகினு இருந்த கொலுசும்மா இது. கெட்டது எப்டி சாமி விப்பாங்க? அவுருக்கு வேள வந்துடுச்சு, மருந்து இன்னா பண்ணும்?" என்றாள். வற்புறுத்திக் கேட்டு மாத்திரைகளை மட்டும் ஒரு துணியில் கொட்டி வாங்கி வந்துவிட்டேன். புட்டியைக் கொடுக்கவில்லை. அழகாக இருக்கிறதாம்.

நான் கிளம்பும்போது லேபிள் ஓரத்தைக் காட்டி, "இது இன்னா எய்தி கீது? அவுரு படுத்துகினே கேட்டுகினு இருந்தாரு. எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். 19-8-41. "தேதி" என்றேன். "யாரு எய்தினது?" என்றாள். தெரியாது என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரவில்லை. அப்பா தடுக்கவில்லை. நீலச் சீட்டித் துணியில் கவுன் தைத்தாயிற்றா என்று பிலோமி கேட்கிறாள். நான்தான் வரவில்லை. இங்கே கன்னியம்மாவுடைய இரண்டு பிள்ளைகளும் பிலோமியோடுதான் சாப்பிடுகிறார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் அங்கே வந்து கலகலா தின்ன என்னால் முடியாது.

அருளம்மாள்


பூந்தமல்லி,
13 டிசம்பர் 1943

அருளுக்கு,

நீ வராதது சரி.

விற்ற ஒன்பதில் நான் கண்ணால் பார்த்தவை இரண்டு. கன்னியம்மா வீட்டில் இருப்பது மூன்றாவது. ஜெயராமன் கடையைப் பூட்டிவிட்டார்கள். அவன் யாருக்கு விற்றான் என்று அவனுக்கே நினைவில்லை. ரசீது கொடுக்காமல் விற்றவனிடம் கேட்டு என்ன பயன்? மீதி ஆறு புட்டியும் யாரோ வீட்டு மாடத்தில், என் எழுத்தோடு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரைக் கேட்டுக்கொண்டு கோயிலில் எழுந்து நின்று சொன்னேன். நீல லேபிள் புட்டியில் மைப் பென்சில் எழுத்து இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள், எழுதியவள் நான் என்று. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் புட்டியோடு வரவில்லை. எல்லம்மா மட்டும் சந்தைக்குப் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது எனக்குக் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

இரண்டு வளையலையும் விற்றுவிட்டேன். கொலுசை வாங்கிய தட்டானைத் தேடி ஆவடியில் கண்டுபிடித்தேன். உருக்கவில்லை, இருந்தது. அதைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வாங்கவில்லை. அவளுடையது அவளிடம் இருக்கட்டும் என்று வாங்கினேன். வேண்டாம் என்று என் காலடியில் எறிந்தாலும் எடுத்துக்கொண்டு திரும்ப மாட்டேன்.

வியாழக்கிழமை காலை ஜட்காவில் பட்டாபிராம் வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல. நீ கூப்பிடாமல் உன் வாசலில் நிற்க மாட்டேன். பிலோமியை ஜன்னலில் நிறுத்திவைத்தால் போகும்போது பார்த்துக்கொள்வேன். துணியில் கவுன் தைத்துக் கொண்டுவருகிறேன்; அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே தைத்திருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றே. நான் வருவதைக் கன்னியம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. அவளுக்காக எதையும் மென்று விழுங்கிச் சொல்லாதே. யார் எழுதியது என்று அவள் உன்னைத்தான் கேட்டாள். நீ தெரியாது என்றாய். அந்தப் பொய் உன்னுடையது அல்ல. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று நானே அவளுக்குப் படித்துச் சொல்கிறேன்.

ரெஜினா